சிறு தொகையும் நீதிமன்றமும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவதே முறை. நானும் அதையே பேச வந்துள்ளேன். ஆனால் அது தேர்வு எழுதுவதற்கான கல்வியன்று. நமக்கு வரவேண்டிய தொகையைச் சட்டப்படி கேட்டுப் பெறுகின்ற கல்வி.

சேந்தமங்கலம் வட்டாரத்தில் நம்மவர் ஒருவர் ஆடு விற்ற வகையில் 20,000 ரூபாய் பாக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் வீட்டிற்கு அவர் பலமுறை நடக்கிறார். "நாளைக்கு வா" என்ற பதிலே கிடைக்கிறது. பின்னர் ஒரு பெரிய மனிதரின் திண்ணைக்குக் கீழே கைகட்டி நின்று முறையிடுகிறார். பாதித் தொகையைத் தந்து, "இதோடு விட்டுவிடு" என்கின்றனர். அங்கே இழந்தது 10,000 ரூபாய் மட்டுமன்று. நிமிர்ந்து நின்று கேட்கும் உரிமையும் அதனோடு போயிற்று. நீதிமன்றத்திலோ திண்ணையும் இல்லை, தெருவும் இல்லை. அங்கே ஒருவர் வாதி, மற்றவர் பிரதிவாதி, அவ்வளவே.

மகாத் நகரின் சவுதார் குளத்து நீரைத் தாழ்த்தப்பட்டோர் எடுக்கலாகாது என்று 1927ஆம் ஆண்டு டாக்டர் அம்பேத்கர் முதலானோர் மீது வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்குத் தொடங்கியது அச்சிற்றூரின் உரிமையியல் நீதிமன்றத்திலேதான். அண்ணல் சளைக்காமல் வழக்காடினார். 1937ஆம் ஆண்டு பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கமே தீர்ப்பளித்தது. சிறிய ஊரின் சிறிய நீதிமன்றத்தை அவர் சிறிதென்று எண்ணவில்லை.

இனி வழிமுறைக்கு வருவோம். சென்னையில் சிறு வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றம் உண்டு. நம் பகுதியில் பண வழக்கைத் தொடுக்கும் இடம், மக்கள் முன்சீப் கோர்ட்டு என்று வழங்கும் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம். பிரதிவாதி குடியிருக்கும் எல்லையிலோ, கொடுக்கல் வாங்கல் நடந்த எல்லையிலோ வழக்கிடலாம்.

முதலாவது தேவை எழுத்து. புரோநோட்டு, ரசீது, கணக்குச் சீட்டு, வங்கி வழிப் பணம் அனுப்பிய சான்று ஆகிய எதையும் எறிந்துவிடாதீர்கள். தொகை, தேதி, காரணம் ஆகியவற்றைக் குறித்து ஓர் அறிவிப்பு எழுதி, எதிராளிக்குச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்புங்கள். அதன் படியைக் கையில் வையுங்கள்.

இரண்டாவது, காலம். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, கைமாற்றுக்கும் சரக்கு விற்ற பாக்கிக்கும் பொதுவாக 3 ஆண்டுகளே தவணை. அதற்குள் எதிராளி கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டால், அன்று முதல் புதிதாக 3 ஆண்டுகள் கணக்காகும். வாய்ச்சொல் கணக்கில் வராது. "நாளைக்கு வா" என்பவர் நம்மை அலைக்கழிப்பது மட்டுமன்று, நம் தவணையையும் தின்றுகொண்டிருக்கிறார்.

மூன்றாவது, செலவு. "வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லையே" என்று நம்மவர் தயங்குகின்றனர். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி வழங்குகிறது. வழக்கில் நியாயம் இருப்பதாகத் தெரிந்தால் போதும். காரவள்ளிக்கு மேலே 70 வளைவுகளைக் கடந்து வாழும் கொல்லிமலை மக்களுக்கும் இது பொருந்தும். நாமக்கல்லில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் சாதிச் சான்றுடன் மனுக் கொடுங்கள். வழக்கறிஞர் மட்டுமன்றி நீதிமன்றக் கட்டணமும் அவ்வுதவியில் அடங்கும்.

வழக்கிடும் முன்பே அவ்வாணைக்குழுவின் வழியாக மக்கள் நீதிமன்றத்தை நாடலாம். அங்கே கட்டணம் இல்லை. இரு தரப்பும் இசைந்தால் கிடைக்கும் முடிவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது. அதன் மேல் அப்பீல் இல்லை. இசையாவிடில் வழக்கிடும் உரிமை அப்படியே இருக்கும். ஆயினும் அந்நாள்களுக்காகத் தவணை காத்திராது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

தீர்ப்புக் கிடைத்தும் பணம் வராவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். 12 ஆண்டுகளுக்குள் நிறைவேற்று மனுத் தாக்கல் செய்து, எதிராளியின் சொத்தை ஜப்தி செய்யக் கோரலாம்.

கடையில் வாங்கிய பொருள் பழுதானாலோ, காப்பீட்டு நிறுவனம் ஏமாற்றினாலோ நாட வேண்டியது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். நாம் கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞரின்றி நாமே வாதாடலாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தொகை எழுதாத வெற்றுப் புரோநோட்டில் கையொப்பமோ கைநாட்டோ இடாதீர்கள். நமக்குக் காவலாக வேண்டிய எழுத்து அப்போது நமக்கே விலங்காகும். "வாங்கிய முன்பணத்திற்கு வேலை செய்தே கழி" என்று எவரேனும் கட்டிப்போட்டால், 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அக்கடனே செல்லாது. வட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ அஞ்சாமல் முறையிடுங்கள்.

இளைஞர்களே! பட்டம் பெற்ற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு இருவர் முன்வாருங்கள். எழுதத் தெரியாத நம் தாய்மார்களின் கொடுக்கல் வாங்கலை ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். மனு எழுதிக் கொடுங்கள். நாமக்கல் வரை உடன் செல்லுங்கள். நாம் படித்த படிப்பு நம் வீட்டுக் கதவோடு நின்றுவிடலாகாது. அடுத்த வீட்டுத் தாயின் 3 ஆண்டுத் தவணை முடிவதற்குள் அது அவருக்குப் பயன்பட வேண்டும்.