கொப்பியில் கீறிய சட்டை

(ட்வெய்ட்டாவில் நடந்த சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் ஏ.எல். உடன் படிப்பை விட்டவள். கிழமை நாளில் பக்டரி வேலை. சனி, ஞாயிறில் சேலைச் சட்டைகளுக்கு மாதிரி கீறுகிறேன். பென்சிலால் கீறியதைக் கணனியில் உடுப்பாக்கிப் பார்ப்பது எப்படி என்று சொல்லச் சொன்னார்கள்.

இது ஏன் தேவை? பட்டுச் சேலையோடு வரும் சட்டைத்துண்டு ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர்தான். பிழையாக வெட்டினால் அதே நிறத்தில், அதே கரையோடு இன்னொரு துண்டுக்கு ஒஸ்லோவில் எங்கே போவது? கத்தரிக்கோல் வைக்க முன்னமே கழுத்தையும் கையையும் திரையில் பார்த்துவிட்டால் அந்தப் பயம் குறையும். பேர்கனில் இருக்கும் மணப்பெண்ணுக்கும் படத்தை அனுப்பி விருப்பம் கேட்கலாம்.

வேலை நாலு படி. கீறியதை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கான் பண்ண வேணும். பிறகு அதன்மேல் கணனியில் கோடுகளைத் திருத்தமாகக் கீற வேணும். முன்பக்கம் வேறு, பின்பக்கம் வேறு. இதற்கு இங்ஸ்கேப் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கும். மூன்றாவது, முன்துண்டு, பின்துண்டு, கை எல்லாவற்றையும் உண்மை அளவில் போட வேணும். கடைசியில், குளோ போன்ற மென்பொருள் அத்துண்டுகளைத் திரையில் பொருத்தித் தைத்து, நாங்கள் கொடுத்த அளவுள்ள உருவத்துக்கு உடுத்திக் காட்டும். துணியின் பாரத்தையும் இழுபடும் தன்மையையும் சரியாகக் கொடுக்காவிட்டால் பட்டும் ரீசேர்ட் துணிபோலத் தொங்கும்.

ஆனால் கமக்கட்டில் எங்கே இழுக்கும், டாட் எவ்வளவு பிடிக்க வேணும் என்பதைத் தீர்மானிக்க, பேப்பரில் வெட்டி வெட்டிப் பழகிய கை வேணும். அது எங்கட அம்மாமாரிடம் இருக்கிறது. அவையோ "எங்களுக்குக் கணனி தெரியாது" என்று ஒதுங்குகினம். பிள்ளையளுக்குக் கணனி தெரியும், தையல் தெரியாது. இரண்டு பேரும் ஒரு மேசையில் இருக்காவிட்டால் இந்தக் கைவேலை இந்தத் தலைமுறையோடு போய்விடும்.

உடுப்புத் தொழிலுக்குக் கணனியைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரும் அகதிதான். வியன்னாவில் 1924இல் பிறந்த யூதர் ஜோசப் கெர்பர். நாசிகளிடமிருந்து தப்பி 1940இல் தாயோடு அமெரிக்கா போனார். மாணவராக இருக்கையில் பிஜாமாவின் இடுப்பு இலாஸ்ரிக்கை எடுத்து, இழுத்து அளக்கும் அளவுகோல் ஒன்றைச் செய்தார். 1960களின் இறுதியில் கணனி சொல்லும் கோட்டில் துணி வெட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். 1994இல் அமெரிக்கா அவருக்குத் தேசிய தொழில்நுட்பப் பதக்கம் கொடுத்தது. கைப்பொருளும் புது இயந்திரமும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன.

வீட்டில் தையல் மெஷின் இல்லாதவை ப்யோர்விக்காவில் 2020இல் திறந்த டைக்மன் நூலகத்துக்குப் போங்கோ. அங்கே தையல் மெஷின்கள் இருக்கு. ட்வெய்ட்டாவிலிருந்து 2ஆம் இலக்கச் சுரங்க ரயிலில் யேர்ன்பானெதொர்கெத்தில் இறங்கினால் நடை தூரம்.

"படம் கீறி என்ன காணப்போகிறாய்?" என்று பிள்ளையை இனிக் கேளாதீர்கள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கோ.