ஊசியும் உணவும் பிரியாதிருக்கட்டும்

(ரஜப் மாதத்தின் இறுதி ஜும்ஆவில் நம் பள்ளிவாசலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

ரமலான் நெருங்கும்போதெல்லாம் நம்மிடம் அதிகமாகக் கேட்கப்படும் மஸ்அலா ஒன்று உண்டு. "ஹஜ்ரத், நான் சர்க்கரைக்கு ஊசி போடுகிறேன். நோன்பு பிடிக்கலாமா?" என்பதே அது. இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூற இயலாது. காரணம், ஊசி போடுவோரில் பலர் தாம் போடுவது எந்த ஊசி, அது எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்பதை அறியாதிருக்கின்றனர். நாம் மதரஸாவில் ஓதியவர்; மருத்துவர் அல்லர். எனினும் உயிரைப் பேணுவது ஷரீஅத்தின் நோக்கங்களுள் ஒன்றாதலால், மருத்துவ அறிஞர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டவற்றைத் தொகுத்து, அவற்றோடு மார்க்கச் சட்டத்தையும் இணைத்து இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இன்சுலின் அல்லாஹ் மனித குலத்திற்கு வழங்கிய பெரும் நிஃமத். 1921 ஆம் ஆண்டு கனடாவின் டொரண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் அதனைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன்பு இளவயதில் சர்க்கரை நோய் கண்ட பிள்ளைகளுக்குப் பட்டினியைத் தவிர வேறு வைத்தியம் இருக்கவில்லை. ஆகவே, "ஊசி வந்துவிட்டால் ஆயுள் முடிந்தது" என்று நம் மக்கள் பேசுவது உண்மைக்கு நேர்மாறானது. ஊசி ஆயுளைக் காக்க வந்தது. முறை தவறினால்தான் அது ஆபத்தாகிறது.

சாப்பாட்டு நேரத்தில் போடும் ஊசியில் இரு வகை உண்டு. பழைய வகையை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். அதன் வேலை 5 முதல் 8 மணி நேரம் வரை நீடிக்கும். 1996 முதல் பயன்பாட்டிற்கு வந்த லிஸ்ப்ரோ, அதன்பின் வந்த அஸ்பார்ட், குளுலிசின் ஆகியவை அதிவேக வகையைச் சேர்ந்தவை. இவை 10 முதல் 20 நிமிடத்திற்குள் வேலையைத் தொடங்கி, 1 முதல் 3 மணி நேரத்திற்குள் உச்சத்தை அடைந்து, 3 முதல் 5 மணி நேரத்தில் அடங்கிவிடும். சிறுநீரகம் பழுதுபட்டோருக்கு இதன் வேலை கூடுதல் நேரம் நீடிக்கலாம். தம்மிடம் உள்ளது எந்த வகை என்பதை ஒவ்வொருவரும் தம் மருத்துவரிடமோ மருந்துக்கடைக்காரரிடமோ கேட்டு, மருந்துச் சீட்டிலேயே எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

அதிவேக ஊசிக்குரிய முதல் விதி இதுதான்: உணவு கண்ணெதிரே வந்த பிறகே ஊசி. அது சோற்றின் துணையாக வருவது. சோறின்றி அது தனியே உடலுக்குள் சென்றால், இரத்தத்தில் இருக்கும் கொஞ்சச் சர்க்கரையையும் இறக்கிவிடும்.

நம் ஊரில் இந்த விதி எங்கெங்கே தவறுகிறது என்று பாருங்கள். வலீமா விருந்துக்குப் புறப்படுபவர் வீட்டிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு மண்டபம் சேருகிறார். அங்கே முதல் பந்தி நிறைந்துவிட்டது. இரண்டாம் பந்திக்கு முக்கால் மணி நேரமாகிறது. ஊசி தன் வேலையைத் தொடங்கிவிட்டது. பிரியாணியோ இன்னும் வரவில்லை. அவ்வாறே, போடியிலிருந்து விடியலில் ஜீப்பில் ஏறிப் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் சகோதர சகோதரிகள், வீட்டில் ஊசியைப் போட்டுவிட்டுத் தூக்குவாளியில் உள்ள சாப்பாட்டைத் தோட்டத்தில் சென்று உண்ணலாம் என எண்ணுகின்றனர். போடிமெட்டு மலைப்பாதையில் மண் சரிந்தாலோ மரம் சாய்ந்தாலோ அந்தச் சாப்பாடு எப்போது கிடைக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? ஊசியைத் தூக்குவாளியோடு எடுத்துச் சென்று, அமர்ந்து வாளியைத் திறந்த பின் போடுவதே பாதுகாப்பு.

தோட்ட வேலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சரிவில் ஏறி இறங்கிக் குனிந்து காய் எடுக்கும் உழைப்பு தானாகவே சர்க்கரையைக் குறைக்கும். தொடையில் ஊசி போட்டுவிட்டு மலை ஏறினால் மருந்து இன்னும் விரைவாக இரத்தத்தில் கலக்கும். ஆகவே உழைக்கும் நாளுக்கு எத்தனை யூனிட், ஓய்வு நாளுக்கு எத்தனை யூனிட் என்று மருத்துவரிடம் தனித்தனியே கேட்க வேண்டும். ஜீப் ஓட்டும் சகோதரர்கள் வண்டியை எடுக்குமுன் சர்க்கரையைச் சோதிப்பது கடமை என்றே கூறுவோம். கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநருக்கு மயக்கம் வந்தால், அது அவர் ஒருவரின் உயிரோடு முடிவதில்லை.

இரண்டாவது, அளவைப் பற்றியது. நம் நாட்டில் இன்சுலின் பாட்டில்கள் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளவை, 100 யூனிட் உள்ளவை என இரு விதமாக விற்கப்படுகின்றன. 40 யூனிட் மருந்துக்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100 யூனிட் மருந்துக்குரியதன் மூடி ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால், உடலில் இறங்குவது 10 யூனிட் அன்று, 25 யூனிட்! பாட்டிலின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துக் கொடுக்க வேண்டும். பேனா ஊசிக்குரிய மருந்தைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பதும் கூடாது.

போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் மறுபடியும் போடாதீர்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை கூடுதலாகத் தெரிகிறதே என்று தாமாகவே இன்னொரு ஊசி போடுவதும் ஆபத்து; முதல் ஊசியின் வேலை இன்னும் முடிந்திருக்காது. ஒரே இடத்தில் குத்தினால் தோலின் கீழ் கட்டி விழுந்து மருந்து சீராகச் சேராது. இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

மூன்றாவது, பாதுகாக்கும் முறை. திறக்காத மருந்தைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும்; உறைபனிப் பகுதியில் வைக்கக் கூடாது. திறந்ததை 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வைத்து, சுமார் 4 வாரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். போடியின் சித்திரை வெயிலில் நிறுத்திய வாகனத்தினுள் மருந்தை விட்டுச் சென்றால் அது வீரியம் இழந்துவிடும். குளிர்பெட்டி இல்லாத வீடுகளில், நீர் நிரம்பிய மண்பானைக்குள் சிறு கலயத்தை இறக்கி, நீர் புகாத டப்பாவில் மருந்தை அதில் வைக்கலாம். அதிவேக இன்சுலின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். கலங்கியிருந்தால் எறிந்துவிட வேண்டும்.

நான்காவது, சர்க்கரை இறங்கியதன் அடையாளங்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும்பசி, பார்வை மங்கல், காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் உடனே சோதிக்க வேண்டும். 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தாலோ, சோதிக்கக் கருவி இல்லாவிட்டாலோ, தாமதியாமல் 3 தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, ஏறவில்லையெனில் மறுபடியும் குடிக்க வேண்டும். ஏறிய பின் உணவு உண்ண வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108 ஐ அழையுங்கள்.

இனி நோன்பின் சட்டத்திற்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமலானில், அஸருக்குப் பின் பெரியவர் ஒருவர் பள்ளியின் தூணில் சாய்ந்து அமர்ந்திருந்தார். சட்டை முழுவதும் வியர்வையால் நனைந்திருந்தது. ஸலாமுக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை. அருகிலிருந்தோர், "இன்னும் ஒரு மணி நேரந்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஆறுதல் கூறிக்கொண்டிருந்தனர். அவருடைய மகன் ஓடிவந்து சோதித்தபோது 52 என்று காட்டியது. நோன்பை விடுவது இப்போது உங்கள் மீது கடமை என்று சொல்லி, சர்க்கரைத் தண்ணீரைப் பருகச் செய்தோம். அல்ஹம்துலில்லாஹ், அவர் அன்று மஃரிபை நம்மோடு ஸஃப்பில் நின்றே தொழுதார்.

ஆறுதல் கூறியவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்து அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவுகூருங்கள். ஒரு பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒரு தோழருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று அவர் கேட்டார். இல்லை என்று உடனிருந்தோர் கூறினர். அவர் குளித்தார், இறந்தார். செய்தி எட்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வாறு கூறியவர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அறியாதவர்கள் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டாமா என்று வருந்தினார்கள். ஒருவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுமுன் இந்த ஹதீஸ் நம் நெஞ்சில் வர வேண்டும்.

அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 ஆம் வசனங்களில் நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையை அல்லாஹ் வழங்கியுள்ளான். அவன் நமக்கு எளிதையே நாடுகிறான் என்றும் அங்கே அறிவிக்கிறான். சலுகையை அளித்தவன் அவனே. அதை ஏற்பது ஈமானின் குறைவாகாது. உயிருக்கு அஞ்சி நோன்பை முறித்தவருக்குக் கஃப்பாரா இல்லை. பின்னர் களாச் செய்தால் போதும். இனி எக்காலத்திலும் நோற்க இயலாதவர் நோன்பு ஒன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா கொடுப்பார்.

இந்த அச்சம் வெறும் கற்பனையன்று. 2001 ஆம் ஆண்டு ரமலானையொட்டி, இந்தியா உள்ளிட்ட 13 நாடுகளில் 12,000 க்கும் மேற்பட்ட முஸ்லிம் நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், சர்க்கரை கடுமையாக இறங்கும் நிகழ்வு ரமலானில் முதல் வகை நோயாளிகளிடம் 4.7 மடங்கும், இரண்டாம் வகை நோயாளிகளிடம் 7.5 மடங்கும் கூடியது தெரியவந்தது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2009 இல் ஷார்ஜாவில் கூடி நீரிழிவு நோயாளிகளை நான்கு பிரிவாக்கியது. கடும் பாதிப்பு நேரும் என மருத்துவர் கணிக்கும் பிரிவினர் நோன்பு நோற்பது கூடாது என்றும் அது தீர்மானித்தது. தாம் எந்தப் பிரிவு என்பதை மருத்துவரிடம் இந்த மாதமே கேட்டறியுங்கள். பிறை பார்த்த பின் ஓட வேண்டாம்.

மருத்துவர் அனுமதித்து நோற்பவர்கள் அறிய வேண்டியவை சில. விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. தோலின் கீழ் போடும் ஊசியாலும் முறியாது. இதே அகாடமி 1997 இல் ஜித்தாவில் கூடி, ஊட்டச்சத்து ஏற்றும் ஊசிகள் நீங்கலாக மற்றவற்றால் நோன்பு முறியாது எனத் தீர்மானித்துள்ளது. ஆனால் ஊசியால் நோன்பு முறியாது என்பதை, பகலில் உணவின்றி அதிவேக ஊசி போடலாம் என்று எவரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். மதிய உணவு இல்லையெனில் அதற்குரிய ஊசியும் இல்லை. ஸஹருக்குரிய அளவை மருத்துவர்கள் பெரும்பாலும் குறைத்தே தருவர். அதே வேளையில், நாள் முழுதும் வேலை செய்யும் நீண்ட நேர இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. முதல் வகை நோயாளிக்கு அதுவும் உயிராபத்தே. நோன்பு வேளையில் 70 க்குக் கீழ் இறங்கினாலும் 300 க்கு மேல் ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும்.

ஸஹரைப் பிற்படுத்துவதும் இஃப்தாரை விரைவுபடுத்துவதும் சுன்னத். இந்த நோயாளிக்கு அதில் மருத்துவமும் அடங்கியிருக்கிறது. இஃப்தாரில் சிலர் ஊசியைப் போட்டுவிட்டு, ஒரு பேரீச்சம்பழமும் இரண்டு மிடறு கஞ்சியுமாக ஜமாஅத்திற்கு எழுந்துவிடுகின்றனர். சோறு உண்பதோ தராவீஹுக்குப் பின். தமக்குரிய அளவு கஞ்சிக்கா, இரவுச் சோற்றுக்கா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு, அந்த உணவின் முன் அமர்ந்த பிறகே போட வேண்டும். ஊசி போட்டுவிட்டவர் இகாமத் கேட்டாலும் உண்டு முடித்தே எழட்டும். உணவு வைக்கப்பட்டிருக்க இகாமத் சொல்லப்பட்டால் உணவை முதலில் முடிக்குமாறு நாயகம் (ஸல்) அவர்களே வழிகாட்டியுள்ளார்கள்.

இறுதியாக ஜமாஅத்தாரிடம் மூன்று வேண்டுகோள். பள்ளியின் அலுவலக அறையில் குளுக்கோஸ் பொடியும் சோதிக்கும் கருவியும் எப்போதும் இருக்கட்டும். வலீமா நடத்துவோர், ஊசி போடுவோருக்கு முதல் பந்தியில் இடமும், மறைவாக ஊசி போட்டுக்கொள்ள ஒரு சிறு அறையும் ஒதுக்கட்டும். ரமலான் பகலில் ஒருவர் தண்ணீர் அருந்தக் கண்டால், காரணம் கேட்டு அவரைக் கூனிக்குறுக வைக்காதீர்கள். அவர் உயிரைக் காத்துக்கொண்டிருக்கலாம்.

உடல் நமக்குச் சொந்தமன்று. அல்லாஹ் ஒப்படைத்த அமானத். அந்த அமானத்தைப் பேணி நோற்கவும், இயலாதபோது அவன் தந்த சலுகையை மனநிறைவோடு ஏற்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக. நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.