பெரியவருக்குச் சோறு இறங்கவில்லை என்றால்



குடும்ப நலம் என்றால் பிள்ளைப்பேறும் தடுப்பூசியும்தான் என்று சிலர் எண்ணுகிறார்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஐயாவும் அப்பத்தாவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்தாமே? இன்று அவர்களைப் பற்றிப் பேசப் போகிறேன்.

வயதான ஒருவர் சாப்பிட உட்காருகிறார். சோறு நெஞ்சில் நிற்கிறது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து இறக்குகிறார். சில வாரம் போனால் சோற்றைக் கரைத்துத்தான் குடிக்க முடிகிறது. பிறகு கஞ்சி மட்டும். கடைசியில் தண்ணீரே இறங்குவதில்லை. வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்து விடுகிறார். நாம் என்ன செய்கிறோம்? "வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். இல்லாவிட்டால் தொக்கம் எடுக்கிறவரிடம் கூட்டிப் போகிறோம். அவரும் ஊதி, உறிஞ்சி, எதையோ எடுத்துக் காட்டுவார். அன்றைக்கு மனசுக்கு நிம்மதி. ஆனால் உணவுக் குழாயின் உட்சுவரில் புற்று வளர்ந்து வழியை அடைத்தால், அதை எந்தத் தொக்கக்காரராலும் எடுக்க முடியாது. இப்படிப் போகிற மாதங்கள்தான் பெரிய நஷ்டம்.

ஐயாவின் தட்டில் மிச்சம் இருப்பதை முதலில் பார்க்கிறவர் பெரும்பாலும் மருமகள்தான். மாமனாரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் கணவரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இந்தத் தொல்லை இருந்தால் உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். அங்கிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பினால் தட்டாமல் போக வேண்டும். எண்டோஸ்கோப்பி என்று சொல்லி, விளக்கு வைத்த மெல்லிய குழாயை வாய் வழியாக விட்டுப் பார்ப்பார்கள். சந்தேகமான இடத்தில் கடுகளவு சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று பயப்பட வேண்டாம். பீடி, சுருட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலை, சாராயம் ஆகிய பழக்கம் உள்ளவர்களுக்கு இந்நோய் அதிகம் என்றாலும், எதுவும் தொடாத அப்பத்தாவுக்கும் வருவதுண்டு.

புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் இரண்டு குரல் எழும்பும். "கடன உடன வாங்கியாவது ஆப்பரேசன் பண்ணிருவோம்" என்பார் ஒருவர். "இந்த வயசுல எதுக்குக் கருமாயப்படுத்தணும், வீட்டுலயே வச்சுப் பாத்துக்குவோம்" என்பார் இன்னொருவர். இரண்டும் பாசத்தில் சொல்வதுதான். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் பல வழிகள் உண்டு.

ஆப்பரேசன் பெரியது. நெஞ்சிலும் வயிற்றிலும் திறந்து, கெட்ட குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையை மேலே இழுத்துத் தைக்கிறார்கள். வயதானவர்களுக்குச் சளி கட்டி நுரையீரல் கெடுகிற ஆபத்து இருக்கிறது. ஆனாலும் தாங்குகிற உடம்புக்குப் பலன் பெரியது. நெதர்லாந்து நாட்டில் 366 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2012-ல் வந்தது. ஆப்பரேசன் மட்டும் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் 24 மாதத்துக்கு மேல் இருந்தார்கள். முதலில் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்துவிட்டுப் பிறகு ஆப்பரேசன் செய்தவர்களில் பாதிப் பேர் 49 மாதத்துக்கு மேல் இருந்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள். 75 வயதைத் தாண்டியவர்களை அந்த ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை.

அப்படியானால் அதற்கு மேற்பட்டவர்களுக்கு? நம் ஊரில் 'கரண்டு வைக்கிறது' என்கிறோமே, அந்தக் கதிர்வீச்சுதான். மின்சாரம் ஒன்றும் பாய்ச்சுவதில்லை, சுடவும் சுடாது. மதுரை பாலரெங்காபுரத்தில் அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் இது உண்டு. சீனாவில் 70 முதல் 85 வயது வரை உள்ள 298 பேருக்கு, வாரம் ஐந்து நாளாக ஆறு வாரம் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். 2021-ல் வெளியான கணக்கு இது: கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 36 பேர் இரண்டு வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அத்துடன் எஸ்-1 என்ற மாத்திரையும் சாப்பிட்டவர்களில் 53 பேர் இருந்தார்கள். எல்லாரும் பிழைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் 77 வயதானவருக்கு வைத்தியமே வீண் என்று சொல்வதற்கு இனி இடமில்லை.

வயதை விட உடம்பைத்தான் டாக்டர் பார்க்கிறார். 80 வயதிலும் ஆடு மேய்க்கப் போகிறவர் உண்டு. 62 வயதில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவரும் உண்டு. இருதயம், நுரையீரல், சர்க்கரை, எத்தனை கிலோ மெலிந்திருக்கிறார் என்பதெல்லாம் கணக்கில் வரும். அதனால் காத்திருக்கும் நாட்களிலும் வயிற்றைக் காயப் போடாதீர்கள். வடிகட்டிய கேப்பைக் கூழ், பால், பாசிப்பருப்புத் தண்ணீர், பாலில் அடித்த வெந்த முட்டை என்று இறங்குவதைக் கொடுங்கள். அதுவும் இறங்காவிட்டால் மூக்கு வழியாகவோ வயிற்றிலோ குழாய் வைப்பார்கள். அதைக் கண்டு "முடிஞ்சுபோச்சு" என்று அழ வேண்டாம். உடம்பைத் தேற்றத்தான் அது.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் ஐயாவின் வைத்தியமும் ஒரே சுருக்குப் பையிலிருந்துதானே போகிறது? தாலிச் செயினை அடகுக்கு அனுப்புமுன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை அதில் வழி உண்டு. அட்டை இல்லாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்கு அலையத்தான் வேண்டும். இன்றே அலையுங்கள்.

இவ்வளவு பேசிவிட்டு முக்கியமானவரை மறக்கக் கூடாது. ஐயாவிடம் கேட்டீர்களா? "பயந்துருவாரு" என்று மறைத்து, டாக்டரிடம் வெளியே நின்று கிசுகிசுப்பது நம் வழக்கமாகி விட்டது. மாமன் மச்சான் எல்லாரும் முடிவு சொல்வார்கள், நோயாளி மட்டும் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருப்பார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆறு வாரம் மதுரையில் தங்க அவருக்குச் சம்மதமா, ஆப்பரேசனுக்குத் துணிவு இருக்கிறதா, அல்லது பேத்தி கல்யாணத்தில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டால் போதும் என்கிறாரா என்று அவர் வாயால் வரட்டும். டாக்டரிடம் போகும்போது அவரையும் உள்ளே உட்கார வைத்துக் கேளுங்கள்: இந்த வைத்தியம் நோயை நீக்கவா, நீட்டிக்கவா, சோறு இறங்கவா?

நோய் ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டிருந்தாலும் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பதோடு முடிவதில்லை. அடைப்பு உள்ள இடத்தில் ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழலை எண்டோஸ்கோப்பி மூலம் வைத்தால் சில நாளிலேயே வழி திறக்கும். குழாய்க்கு உள்ளேயே வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சும் உண்டு. அது மெதுவாக வேலை செய்தாலும், சுகம் அதிக நாள் நிற்கிறது என்று 2004-ல் வந்த ஆராய்ச்சி காட்டியது. இன்னும் பல மாதம் இருக்கக்கூடியவருக்கு அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தவர் குழைந்த சோறும் இட்லியும் நன்றாக மென்று சாப்பிடலாம், ஒவ்வொரு வாய்க்கும் இடையில் ஒரு மடக்குத் தண்ணீர். கறித்துண்டும் நார் உள்ள கீரைத் தண்டும் வேண்டாம். படுக்கும்போது தலைமாடு உயரமாக இருக்கட்டும்.

வலி இருந்தால் மார்ஃபின் மாத்திரை கொடுப்பார்கள். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அடிமையாகிவிடுவாரோ என்று அஞ்ச வேண்டியதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டுக்கே வந்து கவனிக்கும் செவிலியர் உண்டு. உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் ஐயாவின் பெயரையும் தெருவையும் சொல்லிப் பதிவு செய்துவிட்டு வாருங்கள்.