இசை பயில்வோர்க்கு உபகாரச் சம்பளம்

(பத்மநாபபுரத்தில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசைக்கல்லூரியில் இடமும் உபகாரச் சம்பளமும் பெறுவது எங்ஙனம் என்பது பற்றிச் சில சொல்லுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். யான் இசைவாணன் அல்லேன். தமிழ் கற்பித்துப் பிழைப்பவன். ஆயினும், பாடும் பிள்ளைகள் சிலருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தும், தேர்வு நாளில் அவர்களுடன் சென்று வாயிலில் காத்திருந்தும் அறிந்தவை சில உள. நூல்களிற் கண்டவை சில உள. இவை கொண்டு யான் தெளிந்தது ஒன்றே. உபகாரச் சம்பளத்தை வெல்வதும் தோற்பதும், பிள்ளையின் பத்தாம் வயதுக்கும் பதினைந்தாம் வயதுக்கும் இடையில், அவரவர் வீட்டுத் திண்ணையிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. தேர்வு மண்டபத்தில் நிகழ்வது அதன் அறிவிப்பேயாகும்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை நம்மில் பலர் கற்றிருப்பர். மாதவி சோழன் அவையில் ஆடித் தலைக்கோலும் 1008 கழஞ்சு பொன்னும் பெற்றாள் என்பதே நம் நினைவில் நிற்பது. அவள் ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கு ஏறினாள் என்பதை விரைந்து கடந்துவிடுகின்றோம். இளங்கோவடிகளோ அங்ஙனம் கடந்தாரல்லர். ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவர்க்கும் உரிய இலக்கணத்தை நிரலே விரித்த பின்னரே அவளை அரங்கில் ஏற்றுகின்றார். பொன் கொடுத்தவன் மன்னன். அது ஒரு நாட் செயல். அதற்கு முந்திய ஏழாண்டும் அத்தனை ஆசிரியரையும் போற்றிக் காத்த குடும்பமன்றோ அந்தப் பொன்னை ஈட்டித் தந்தது?

இக்காலத்து நிலையும் இதுவே. இந்திய அரசின் பண்பாட்டு அமைச்சகம் இளங்கலைஞர்க்கு நல்கும் உபகாரச் சம்பளம் மாதம் 5000 ரூபாய், இரண்டாண்டு கிடைப்பது. அதற்கு விண்ணப்பிப்போர் 18 வயதுக்குக் குறையாமலும் 25 வயதுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். அதனோடு, ஓர் ஆசிரியரிடமோ நிறுவனத்திலோ ஐந்தாண்டாவது முன்னரே பயின்றிருத்தல் வேண்டும். இவ்விதியை ஊன்றி நோக்குக. பதினெட்டில் விண்ணப்பிக்கும் பிள்ளைக்குப் பதின்மூன்றிலிருந்து யாரோ கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள். வறியவர்க்கென்று நாம் எண்ணும் உதவி, ஐந்தாண்டு செலவழிக்க வல்லவர் வாயிலில் வந்து நிற்கின்றது. அரசைக் குறைகூற இதைச் சொல்லவில்லை; பயிற்சி இல்லாதவர்க்குப் பணம் கொடுத்து ஆவதென்ன? இடையிலுள்ள பள்ளத்தை நிரப்ப வேண்டியவர் யார் என்பதே வினா.

10 வயது முதல் 14 வயது வரையுள்ள சிறார்க்கும் ஒரு திட்டம் உண்டு. பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் என்னும் மத்திய அரசின் நிறுவனம் அதை நடத்துகின்றது. பரம்பரையாகக் கலை பயிலும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று அதில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. நம் சங்கத்துக் குடும்பங்களில் எத்தனை பேர் இதன் பெயரைக் கேட்டிருக்கின்றீர்கள் என்று வினவினால், உயரும் கைகள் மிகச் சிலவாகவே இருக்கும். பண்டைக்காலத்தில் பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்வரும் பாணனுக்கு வள்ளலின் ஊரையும் வழியையும் சொல்லி ஆற்றுப்படுத்தினான். அதைப் பாடுவதற்கென்றே ஒரு நூல்வகை எழுந்தது. இன்று பரிசில் பெற்றவர் அடுத்த வீட்டாருக்குங்கூட வழி சொல்வதில்லை. போட்டி மிகுந்துவிடும் என்ற அச்சம் போலும்!

நிற்க. இசைக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவு சிறிதன்று. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராய் விளங்கிய ஊர் இது. இங்குள்ள நீலகண்டசுவாமி திருக்கோயிலை நினைந்துருகிப் பாடிய நீலகண்ட சிவன் 1839-இல் வடிவீசுவரத்தில் பிறந்து, இம்மண்ணில் வளர்ந்தவர். அவர்தம் பாட்டும் பக்தியும் பாபநாசம் சிவனை ஆட்கொண்டன. அப்பாபநாசம் சிவனிடமும், அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரிடமும், செம்மங்குடி சீனிவாச ஐயரிடமும் பயின்றவர் பாறசாலை பொன்னம்மாள். நமக்கு அண்மையிலுள்ள பாறசாலையில் 1924-இல் பிறந்தவர்; 1939-இல் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் பெயரால் இசைக்கழகம் தொடங்கியபோது அங்கே சேர்ந்த முதல் மாணவி; பின்னாளில் திருப்பூணித்துறை இசைக்கல்லூரியின் முதல்வராகவும் அமர்ந்தவர். நம் அரண்மனையிலிருந்து சரசுவதி தேவி ஆண்டுதோறும் வேளிமலைக் குமாரசுவாமியுடனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையுடனும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுவதை நீங்கள் அறிவீர்கள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் அத்தேவியின் முன்னர் 2006 வரை பெண்கள் பாடியதில்லை. அவ்வாண்டு முதன்முதல் பாடிய பெண்மணி இப்பொன்னம்மாளே. அப்போது அவர்க்கு வயது எண்பதுக்கு மேல். 2021-இல் மறைந்தார். கலைமகளைச் சுமந்து அனுப்பும் ஊரார் நாம். நம் பெண்மக்களைப் பாட அனுப்பத் தயங்குவது விந்தையே.

பொன்னம்மாளின் காலத்தில் நமக்கு இருந்த ஒரு நன்மை இன்று இல்லை. 1956 நவம்பர் முதல் நாள் கல்குளம் உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை மாகாணத்தோடு இணைந்தன. நாம் விரும்பிப் பெற்ற இணைப்பு. அதன் பெருமையில் ஐயமில்லை. ஆயினும், அருகிலிருந்த இசைக்கல்லூரி அன்றுமுதல் அயல் மாநிலத்ததாயிற்று. தமிழ்நாட்டு அரசின் இசைக்கல்லூரிகளோ சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் திருவையாற்றிலும் உள்ளன. சென்னைக் கல்லூரி 1949-இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு எழுந்தது. 2013-இல் இசைக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே ஏற்பட்டது. இவையெல்லாம் சிறப்பே. ஆனால் நம் வீட்டுப் பெண் திருவையாற்றுக்குப் போய்ப் பயில்வதென்றால் விடுதிச் செலவும், விழாக்காலத்து வழிச்செலவும், துணைக்குச் செல்வார் செலவும் உபகாரச் சம்பளத்துக்கு முன்னதாகவே வந்து நிற்கும். உபகாரச் சம்பளமோ மாதந்தோறும் கைக்கு வருவதன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவணையாக வருவது.

இடம் கிடைத்த பின்னருங்கூடப் பொருளின்மையால் படிப்பு முறிவதுண்டு. கே. ஜே. ஏசுதாசரை அறியாதார் இல்லை. 1958-இல் கேரளப் பள்ளி இளைஞர் விழாவில் வாய்ப்பாட்டில் முதற் பரிசு பெற்றவர். திருப்பூணித்துறையில் பயின்று தேறித் திருவனந்தபுரத்து இசைக்கல்லூரியில் செம்மங்குடியாரிடம் மேற்படிப்பைத் தொடங்கியவர். வறுமையால் அப்படிப்பை முடிக்க இயலாது விடுத்தார். அவர் குரல் பின்னர் தன் வழியைத் தானே கண்டது. அங்ஙனம் வழி காணாத குரல்கள் எத்தனையோ. அவற்றை நாம் கேட்டதே இல்லை ஆதலின் எண்ணிச் சொல்லவும் இயலாது.

இனித் தேர்வைப் பற்றிச் சில. பெற்றோர் பலர் பிள்ளை பெரிய கீர்த்தனம் பாடினால் தேர்வாளர் வியப்பர் என்று கருதுகின்றனர். யான் வாயிலில் நின்று கேட்ட அளவில், அவர்கள் முதலில் நோக்குவது சுருதியில் நிற்றலும் தாளம் பிறழாமையுமே. ஒரு வர்ணத்தை இரண்டு காலத்திலும் அசைவின்றிப் பாடும் பிள்ளை, அரைகுறையாக ஆலாபனை செய்யும் பிள்ளையை எளிதில் முந்திவிடுகின்றது. தனக்கு இயைந்த கட்டையில் பாடுதல் வேண்டும். ஆசிரியரின் கட்டையிலோ, தொலைக்காட்சிப் போட்டியில் கேட்ட உயரத்திலோ பாடித் தொண்டையைக் கெடுத்தல் கூடாது. அப்போட்டிகளைப் பற்றி யாதும் சொல்லாதிருக்கவே எண்ணினேன், எனினும் ஒன்று. பத்து வயதுக் குழந்தையை ஒளிவிளக்கின்கீழ் நிறுத்தி, நாடறிய அழவைத்து அனுப்பும் செயலைக் கலைப்பயிற்சி என்று கூற என் நா எழவில்லை.

ஆண்பிள்ளைகளின் பெற்றோர் மற்றொன்றையும் கருதல் வேண்டும். பெரும்பாலும் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் குரல் உடையும். சிறார்க்கான உபகாரச் சம்பள வயதும் ஏறத்தாழ அதுவே. எனவே பத்திலும் பதினொன்றிலும் முயல்வது நன்று. உடைந்த காலத்தில் தோற்றான் என்பதற்காகப் பாட்டையே நிறுத்திவிடுதல் பேதைமை. அக்காலத்தில் உரத்துப் பாடாமல் கேள்வியையும் தாளத்தையும் இலக்கணத்தையும் வளர்க்கலாம்.

சங்கம் செய்யத்தக்கது யாது? இதற்கு அயல்நாட்டுச் செய்தி ஒன்று சொல்வேன். ஐக்கிய அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 1897-இல் பிறந்த மரியன் ஆண்டர்சன் என்னும் கறுப்பினப் பெண், அந்நகரத்து இசைப்பள்ளி ஒன்றில் சேரச் சென்றபோது நிறத்தைக் காட்டி விலக்கப்பட்டாள். அவள் சிறுமியாய் இருந்தபோதே அவளது திருச்சபையார், தாமும் செல்வர் அல்லாதவராயிருந்தும், அவள் எதிர்காலத்துக்கென நிதி திரட்டி ஆசிரியரிடம் பயிற்றுவித்தனர். 1925-இல் நியூயார்க்கில் நடந்த பெரும் போட்டியில் அவளே வென்றாள். 1955-இல் அந்நகரத்து மெட்ரோபாலிடன் இசைநாடக அரங்கில் முதன்முதல் பாடிய கறுப்பினப் பாடகியும் அவளே. போட்டியில் வென்ற பின் பாராட்டுக் கூட்டம் நடத்துவது எவர்க்கும் எளிது. அச்சபையார் கொடுத்த காலத்தை நோக்குக. அதுவே நாம் அறிய வேண்டியது.

நமது கல்விநிதி பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் கல்லூரிப் பருவத்தில் கொடுக்கப்படுகின்றது. அதைக் குறைக்க வேண்டுமென்று யான் சொல்லவில்லை. அதனோடு, ஆண்டுக்கு இருவர் அல்லது மூவர், பத்து வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்து, ஐந்தாண்டுக்கு ஆசிரியர் கட்டணமும் நாகர்கோவிலுக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணமும் ஒரு சுருதிப்பெட்டியும் கொடுக்க வேண்டுகின்றேன். தேர்வதில் ஒரு முறையை வற்புறுத்துவேன். பாஸ்டன் நகரத்து வாத்தியக் குழுவினர் 1952-இல் திரைக்கு அப்பால் வாசிக்கவைத்துத் தேர்வு செய்யத் தொடங்கினர். நாமும் அவ்வாறே திரை கட்டுவோம். பெயர் வேண்டா, எண் போதும். தேர்வாளர் நம் சங்கத்தார் அல்லாத இசையறிஞராய் இருக்கட்டும். யார் மகன், யார் பேத்தி, எந்தத் தெரு என்பவை தெரிந்த இடத்தில் சுருதி காதில் விழாது. இது கேட்டுச் சிலர் முகம் சுளிப்பதைக் காண்கின்றேன், சொல்லத்தான் வேண்டும்.

பாட்டு சோறு போடுமா என்று ஒரு பெரியவர் சென்ற கூட்டத்தில் கேட்டார். நேர்மையான வினா. பாடுவோர் எல்லார்க்கும் மேடை கிடையாது. பள்ளியில் இசையாசிரியராவோர், வீட்டில் கற்பித்து வாழ்வோர், வேறு தொழிலோடு பாட்டையும் வைத்துக்கொள்வோர் என்றே பெரும்பாலோர் அமைவர். அவ்வாழ்வு எளியது, இழிந்ததன்று. ஆயினும் அதனைப் பொன்முட்டை என்று பெற்றோர்க்குக் காட்டி ஏமாற்றுதல் ஆகாது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையாகத் தேறிய பின்னரே கல்லூரிக்கு அனுப்புக என்பது என் கருத்து. பாட்டுக்காகப் பள்ளியை விடுவித்தலை யான் ஒப்பேன்.

இத்திட்டத்தை எழுத்து வடிவில் செயற்குழுவிடம் இன்றே கொடுத்திருக்கின்றேன். எதிர்க்கருத்து உடையோர் இக்கூட்டத்திலேயே சொல்லலாம். விண்ணப்பம் எழுதுவதில் உதவி வேண்டும் பெற்றோர் ஞாயிறு முற்பகலில் சங்கக் கட்டடத்துக்கு வருக. வரும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும், ஆசிரியர் எந்த ஆண்டு முதல் கற்பிக்கின்றார் என்று அவர் கையொப்பமிட்ட கடிதமும் கொண்டு வருக. அக்கடிதம் இல்லாமையால் திரும்பிய விண்ணப்பங்களே மிகுதி.