பீடத்தருகே விட்ட காணிக்கை

கலிலேயாவிலே மலைமேல் அமர்ந்து இயேசுபிரான் அருளிய போதனை, மத்தேயுவின் சுவிசேஷத்தில் மூன்று அதிகாரங்களாக விரிந்து கிடக்கின்றது. அதன் முதல் அதிகாரத்தில் ஒரு சிறு காட்சி உண்டு. ஒருவன் காணிக்கையோடு பலிபீடத்தண்டை வந்து நிற்கின்றான். தன் சகோதரனுக்குத் தன்மேல் மனக்குறை உண்டென்பது அவ்வேளையில் அவன் நினைவுக்கு வருகின்றது. காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு, முதலிற் போய் அவனோடு ஒப்புரவாகி, பின்னர் வந்து செலுத்தவேண்டும் என்கிறார் இயேசு.

கேட்பதற்கு எளிய கட்டளைதான். ஆனால், கேட்டிருந்தவருட் பலர் கலிலேயர். அவர்களுக்குப் பலிபீடம் ஊர்க்கோடியில் இருக்கவில்லை. பலி செலுத்துங் கோயில் எருசலேமிலேதான் இருந்தது. சமாரியா வழியாக விரைந்து சென்றாலும் மூன்று நாட் பயணம் என்று அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியுள்ளார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவன், ஆட்டின் தலைமேற் கைவைக்குந் தறுவாயில், ஊரிலுள்ள சகோதரனின் முகம் மனத்தில் எழுகின்றது. மூன்று நாள் திரும்பி நடந்து, சமாதானம் பேசி, மறுபடியும் மூன்று நாள் நடந்து வரவேண்டும். அதுவரையில் அந்த ஆட்டுக்கு யார் புல்லிடுவார்? கேட்டவர்களிற் சிலர் சிரித்துமிருக்கலாம்.

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. சகோதரன்மேல் இவனுக்குக் குறை இருந்தால் என்று இயேசு சொல்லவில்லை. இவன்மேல் சகோதரனுக்குக் குறை இருந்தால் என்றே சொன்னார். பிறர் தனக்குச் செய்த தீங்கை மனித இதயம் நாள் நட்சத்திரத்தோடு நினைவில் வைத்திருக்கும். தான் செய்ததையோ எளிதில் நழுவவிடும். எல்லை வேலியை ஓரடி தள்ளி அடைத்தவன் அதை அடுத்த மாரிக்குள் மறந்துவிடுவான். அயல் வளவுக்காரன் மறப்பதில்லை. இயேசு விரும்பும் இதயம், தன்னால் நொந்தவனை நினைவுகூரும் இதயம். அந்த நினைவு வழிபாட்டுக்கு இடையூறாக வரினும் அதைத் தள்ளிவிடலாகாது என்பதே அவர் சொல்லும் புதுமை.

முற்றிலும் புதுமை என்பதும் பொருந்தாது. அயலானுக்குச் செய்த குற்றத்தை, அவனைச் சாந்தப்படுத்தும் வரையில் பாவநிவிர்த்தி நாளும் நீக்காது என்று யூதரின் மிஷ்னா நூல் கூறுகின்றது. ஆகவே இயேசு கோயிலைப் பழித்தார் என்று இவ்விடத்தை விளக்குவோர் தவறுகின்றனர். திரும்பி வந்து காணிக்கையைச் செலுத்து என்றும் அவரே சொல்கிறார். எது முந்தியது என்பதே பேச்சு. கொலையைப் பற்றித் தொடங்கிய போதனை, கோபத்தில் இறங்கி, இந்தப் பீடத்தருகே வந்து நிற்கின்றது. உள்ளத்திலுள்ள பகைக்கு மருந்து கேட்டவனை, உள்ளத்தையே நோக்கி உட்கார்ந்திருக்க அவர் விடவில்லை. எழுந்து நடக்கச் சொல்லுகிறார்.

70ஆம் ஆண்டில் உரோமப் படை எருசலேம் கோயிலை அழித்தது. பலிபீடம் போயிற்று, கட்டளை போகவில்லை. பிணக்குள்ளோர் ஒப்புரவாகும் வரையில் சபையின் திருப்பந்தியிற் சேரலாகாது என்று, திதாக்கே எனப்படும் ஆதிச்சபை நூல் விதித்தது. கீழைத் திருச்சபைகள், அப்பமும் இரசமும் படைக்கும் பெருஞ் செபத்துக்கு முன்னரே சமாதான முத்தத்தை வைத்தன. யாழ்ப்பாணமும் சேர்ந்து 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950இல் வகுத்த திருவிருந்து முறையிற் காணிக்கைக்கு முன் சமாதானம் வழங்கும் வழக்கத்தை அமைத்தது. குருவானவரிடமிருந்து தொடங்கி, ஒருவர் கையை மற்றவர் தம் இரு கைகளிடையே ஏற்று, அடுத்திருப்பவருக்கு அவ்வாறே வழங்குவர்.

அந்தக் கைகள் ஆலயத்துள் இருப்போரை மட்டுமே எட்டும். மத்தேயு காட்டும் சகோதரனோ கோயிலுக்கு வந்திருக்கவில்லை. மூன்று நாட் பயணத்துக்கு அப்பால், தன் வீட்டில் இருக்கின்றான்.