வெண்கலமும் பித்தளையும்



வெண்கலம், பித்தளை என்னும் இரு பெயர்களையும் வேறுபாடின்றி வழங்குவது இற்றைக் கடைத்தெருவின் பழக்கமாயிற்று. வெண்கல மணி என்று விலைகொடுத்து வாங்கிய மணி, வீட்டிற்கு வந்தபின் ஒருமுறை ஒலித்து உடனே அடங்கிவிடுகிறது. வாங்கியவர் வார்த்தவரை நோவார். குறையோ பெயரில் உள்ளது.

இரண்டிற்கும் தாய் செம்பே. அதனொடு வெள்ளீயம் கூடின் வெண்கலம். துத்தநாகம் கூடின் பித்தளை. மணிக்குரிய வெண்கலத்தில் வெள்ளீயம் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு வரை இருக்கும். அவ்வளவு சேர்ந்த மாழை மிகக் கடினமாகி, அதிர்வைத் தன்னுள் விழுங்காது நெடுநேரம் காக்கும். வெண்கலக் கடையில் யானை புகுந்தது என்றுதானே பழமொழி! பித்தளைக் கடை என்றாரல்லர். முன்னோர் செவி அத்துணைக் கூரியது.

ஆனால், கடினமானது எளிதில் உடையும். வெண்கல மணி கல்தரையில் விழின் விரிசல் காணும். இக்குறையை வென்ற கைவினையும் இம்மண்ணில் இருந்தது. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த மெல்லிய கிண்ணங்கள் சிலவற்றில் வெள்ளீயம் 23 விழுக்காட்டை ஒட்டியுள்ளது. செந்நிறம் வரக் காய்ச்சி, அச்சூட்டிலேயே அடித்து, உடனே நீரில் தோய்த்தால், மாழையினுள் நொறுங்கும் கூறு உருவாகாது. அடுப்பின் நிறம் பார்த்தே இதனைச் செய்து முடித்தனர்!

பித்தளையின் இயல்பு வேறு. 30 விழுக்காடு துத்தநாகம் கொண்ட பித்தளை, தட்டினால் விரியும், இழுத்தால் நீளும். குடமும் தவலையும் அண்டாவும் அதனாலேயே ஆயின. எனினும், அதனை ஆக்குதல் அரிதாயிருந்தது. துத்தநாகம் 907 பாகை செல்சியசில் ஆவியாகும். கல்லினின்று அதனைப் பிரிக்கவோ அதனினும் மிக்க வெப்பம் வேண்டும். ஆதலின், பிரிந்த அளவிலேயே பறந்துவிடும். செருமானியர் மார்கிராபு 1746 இல் அதனைத் தனியே பிரித்துக் காட்டினார். அதற்குச் சில நூற்றாண்டுகட்கு முன்னரே இராசத்தானத்துச் சாவரில் அவ்வாவியைக் குளிர்வித்து மாழையாக்கினர்.

பித்தளைக்கும் ஒரு பகையுண்டு. ஆங்கிலேயர் படை இந்நாட்டில் மழைக்காலத்தில் குதிரைக் கொட்டில்களில் வைத்திருந்த வெடியுறைகள் தாமே வெடிப்புக் கண்டன. குதிரைச் சிறுநீரினின்று எழுந்த அம்மோனியா, இழுத்து வடித்த பித்தளையுள் தங்கிய இறுக்கத்தோடு சேர்ந்து செய்த கேடு அது.

கடையில் நிற்பவர் நிறத்தை நம்ப வேண்டா. மெருகிட்டால் இரண்டும் மஞ்சளே. மணியைக் கயிற்றில் தொங்கவிட்டு, விரற்கணுவால் ஒருமுறை தட்டி, ஓசை அடங்கும்வரை காதோடு வைத்திருக்கட்டும்.