மருந்து செய்த கைக்கே முதல் பொறுப்பு



மருந்தே நஞ்சானால் பெரிதும் பொறுப்பு அனுமதி கொடுத்த அரசுக்கா, தயாரித்த கம்பெனிக்கா? எனக்கு முன்னாலே பேசிய அம்மையார், 'அரசாங்கம் விழித்திருந்தால் இந்தச் சாவு வருமா'ன்னு கேட்டாங்க. நான் திருப்பிக் கேட்கிறேன். காவல்காரன் தூங்கிட்டான், சரி; அதனாலே திருடன் யோக்கியன் ஆயிடுவானா? (கைதட்டல்)

வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரித்தார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து அதைக் கொடுப்பவர். இன்றைக்கு ஐந்தாவதாக ஒருவர் இருக்கிறார். கண்ணுக்கே தெரியாமல் எங்கோ மருந்து காய்ச்சுகிறவர்!

1937. அமெரிக்காவிலே மாசெங்கில் என்று ஒரு கம்பெனி. தொண்டை நோய்க்கு நன்றாகக் கேட்ட சல்ஃபனிலமைடு மருந்தைத் திரவமாக்க, டைஎத்திலின் கிளைக்கால் என்ற ரசாயனத்திலே கரைச்சாங்க. ருசி பார்த்தாங்க, நிறம் பார்த்தாங்க, மணம் பார்த்தாங்க. நஞ்சான்னு மட்டும் பார்க்கலே! நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அதிலே குழந்தைகள் பலர்.

வழக்கு எதற்குத் தெரியுமா? 'எலிக்ஸிர்'னு பேர் வெச்சதுக்கு! அந்தப் பேர் வெச்சா ஆல்கஹால் இருக்கணுமாம், இதிலே இல்லையாம். 'கரைசல்'னு எழுதியிருந்தா அந்தக் குற்றமும் கிடையாது. நான் தமிழ் வாத்தியார்; சொற்பிழைக்கு அரை மார்க் குறைத்தே பழகியவன். (சிரிப்பு) சொற்பிழைக்கு அபராதம் போட்டு, உயிர்ப்பிழையை விட்டுவிட்ட சட்டத்தை அங்கேதான் பார்த்தேன். அதனால்தான் 1938இல் புதுச் சட்டம் வந்தது. விற்கும் முன்பே, மருந்து பாதுகாப்பானது என்று காட்டுவது தயாரிப்பவன் கடமையாயிற்று.

பாடம் படிச்சாச்சா? 2025இல் அதே நஞ்சு, நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்திலே தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்திலே! 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாதது, 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழக அரசின் ஆய்வு சொன்னது. மத்தியப் பிரதேசத்திலே இருபதுக்கும் மேற்பட்ட பச்சிளம் பிள்ளைகளின் சிறுநீரகம் செயலிழந்து உயிர் போயிற்று.

அந்த மருந்தை எழுதிய டாக்டருக்கு உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது. ஊட்டிய தாய்க்குத் தெரியாது. அதிகாரி வருவது என்றைக்கோ ஒரு நாள். ஆனால் ரசாயனப் பீப்பாயின் மூடியைத் தினமும் திறப்பது யார்? கம்பெனி! அங்கேயே ஒரு சோதனை செய்தால் நஞ்சு தெரிந்துவிடும். மற்றவர்கள் நம்பத்தான் முடியும். அறிய முடிந்தவன் அவன் ஒருவன்தான்.

கலப்பட மருந்தால் உயிர் போனால் 10 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் தண்டனை வரை என்று நம் சட்டம் சொல்கிறது. 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு. அது பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்குப் போக வேண்டும் என்கிறது. அரசுக்குப் பங்கில்லை என்று நான் சொல்ல வரலே. சோதனைச் செலவைவிடச் சோதிக்காத செலவு பெரிது என்ற பயம் முதலாளிக்கு இருந்தால்தான் அந்தப் பீப்பாய் சோதனைக்குப் போகும். ஆகவே முதல் பொறுப்பு தயாரித்த கம்பெனிக்கே என்று தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)